குழாய் அகற்றிய பின் எது சிறந்தது? கேள்வியிலேயே உள்ள பிழை

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் குடும்பத்துக்கு, "குழாயை எடுத்துவிட்டோம்" என்ற சொல்லைவிட இனிய செய்தி வேறில்லை. கேட்ட மாத்திரத்தில் ஊருக்குத் தொலைபேசி செய்கிறார்கள். சிலர் அன்றுதான் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். உள்ளே இருக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் அந்த நேரம் அத்தனை நிம்மதியானதன்று. தானே சுவாசிக்கும் சோதனையில் தேறி, திட்டமிட்டு, முறைப்படி சுவாசக் குழாய் அகற்றப்பட்டவர்களிலும் 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு அடுத்த சில நாள்களுக்குள் மீண்டும் குழாய் பொருத்த நேர்கிறது. அவ்வாறு நேர்ந்தவர்களில் 25 முதல் 50 விழுக்காட்டினர் வரை இறப்பதாக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வாசலில் மகிழ்ச்சி நிலவும் அதே வேளையில், உள்ளே மிக நுட்பமான கணக்கொன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த இரண்டு மூன்று நாள்களில் நோயாளிக்கு எவ்வகைச் சுவாச ஆதரவு அளிக்க வேண்டும் என்பது, கடந்த 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தீவிர சிகிச்சைத் துறை ஆராய்ந்துவரும் வினா. ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கொண்டு பல சமவாய்ப்பு ஒதுக்கீட்டு ஆய்வுகள் நடந்துள்ளன. எனினும் மாணவர் அரங்குகளிலும் ஆய்வேட்டுத் தலைப்புகளிலும் அவ்வினா "இவற்றில் எது சிறந்தது?" என்ற ஒரே வடிவில்தான் திரும்பத் திரும்ப எழுகிறது. அந்த வடிவமே பிழையானது என்பதும், அப்பிழை நோயாளியின் உயிரைத் தொடக்கூடியது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

மூன்று முறைகள், மூன்று வேலைகள்

ஒப்பிடப்படும் முறைகள் மூன்று. முதலாவது, சாதாரண முகமூடியாலோ மூக்குக் குழலாலோ அளிக்கப்படும் ஆக்சிஜன். இது இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை உயர்த்தும். மூச்சுவிடும் உழைப்பைப் பெரிதாகக் குறைக்காது. இரண்டாவது, உயர் ஓட்ட நாசி ஆக்சிஜன். உடல் வெப்பநிலைக்குச் சூடாக்கி, ஈரப்பதம் ஏற்றிய காற்றும் ஆக்சிஜனும் கலந்த கலவையை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை மூக்கு வழியே செலுத்துவது. அதன் விரைவான ஓட்டம் தொண்டையிலும் மூக்கிலும் தங்கிநிற்கும் கரியமில வாயுவைக் கழுவி வெளியேற்றுகிறது, சிறிதளவு அழுத்தத்தையும் தருகிறது, சளியை இளக்குகிறது. நோயாளி பேசலாம், தண்ணீர் பருகலாம், இருமலாம்.

மூன்றாவது, ஆய்வுக் கட்டுரைகள் என்ஐவி என்றும் வார்டுகளில் பெரும்பாலோர் பைபேப் என்றும் வழங்கும் முறை. இறுக்கமான முகமூடி வழியே, உள்மூச்சின்போது ஓர் உயர்ந்த அழுத்தத்தையும் வெளிமூச்சின்போது ஒரு குறைந்த அழுத்தத்தையும் கருவி கொடுக்கிறது. சோர்ந்த சுவாசத் தசைகளின் வேலையில் ஒரு பங்கைக் கருவியே ஏற்றுக்கொள்வதால், கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு இது பெருந்துணை. ஆனால் முகத்தில் அழுந்தும் முகமூடியைப் பலரால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. மூக்குத் தண்டில் புண் உண்டாகிறது, வயிற்றில் காற்று நிறைகிறது, பேச்சும் உணவும் தடைப்படுகின்றன.

இம்மூன்றும் ஒரே வேலையைச் செய்யும் மூன்று கருவிகள் அல்ல. ஆக்சிஜன் குறைவால் தவிப்பவருக்கும், தசை தளர்ந்து கரியமில வாயு தேங்குபவருக்கும், சளியை இருமித் தள்ள இயலாதவருக்கும் தேவை வெவ்வேறு. தேவையைப் பிரித்துப் பாராமல் கருவிகளை வரிசைப்படுத்துவது, நோயைக் கேளாமல் மருந்துக் கடையில் எந்த மாத்திரை சிறந்தது என்று வினவுவதற்கு ஒப்பாகும்.

2004ஆம் ஆண்டின் பாடம்

இத்துறையில் மிகுந்த கவனத்துடன் படிக்கப்பட வேண்டிய ஆய்வு, எஸ்தேபான் குழுவினர் 2004இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டது. 8 நாடுகளில் 37 மையங்கள் பங்கேற்றன. குழாய் அகற்றிய 48 மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறல் ஏற்பட்ட 221 பேர் இரு பிரிவுகளாக ஒதுக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு என்ஐவி; மற்றதற்கு வழக்கமான சிகிச்சை. மீண்டும் குழாய் பொருத்தப்பட்டோர் இரு பிரிவிலும் 48 விழுக்காடு. எவ்வித வேறுபாடும் இல்லை. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தோர் என்ஐவி பிரிவில் 25 விழுக்காடு, மற்றதில் 14 விழுக்காடு. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

உதவி செய்ய வந்த கருவி ஏன் உயிரிழப்பைக் கூட்டியது? விடையின் திறவுகோல் அதே கட்டுரையின் வேறோர் எண்ணில் உள்ளது. திணறல் தொடங்கியதிலிருந்து மீண்டும் குழாய் பொருத்தும்வரை கழிந்த நேரத்தின் இடைநிலை அளவு, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 2 மணி 30 நிமிடம். என்ஐவி பிரிவில் 12 மணி. முகமூடி நோயாளியை மீட்கவில்லை. அவர் மூழ்கிக்கொண்டிருந்ததை மறைத்தது. திரையில் ஆக்சிஜன் அளவு ஓரளவு நன்றாகவே தெரிந்துகொண்டிருக்க, தசைகள் மட்டும் சோர்ந்துகொண்டே போயின. இறுதியில் குழாய் பொருத்தும்போது நோயாளியிடம் மிச்சமிருந்த வலு மிகக் குறைவு. தாமதமே இறப்பைக் கூட்டியிருக்கக் கூடும் என்பதே அம்முடிவுக்கு அன்றுமுதல் சொல்லப்பட்டுவரும் விளக்கம்.

இதற்கு நேர்மாறான முடிவுகளும் உண்டு. திணறல் வந்தபின் என்ஐவி தொடங்காமல், ஆபத்து மிகுந்தவர்களுக்குக் குழாய் அகற்றிய உடனேயே தடுப்பாகத் தொடங்கினால் பலன் கிடைக்கிறது. நாள்பட்ட சுவாச நோயுடன், தானே சுவாசிக்கும் சோதனையின்போதே கரியமில வாயு உயர்ந்திருந்த 106 பேரை ஃபெர்ரர் குழுவினர் ஆராய்ந்து 2009இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். உடனடியாக என்ஐவி பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கே சுவாசச் செயலிழப்பு நேர்ந்தது. மற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது. 90 நாள் இறப்பு 11 விழுக்காட்டுக்கு எதிராக 31 விழுக்காடு. அதே கருவி, அதே முகமூடி. தொடங்கிய வேளையும் தேர்ந்தெடுத்த நோயாளியும் மாறின, முடிவு தலைகீழாயிற்று. ஐரோப்பிய சுவாசச் சங்கமும் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கமும் 2017இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டன. ஆபத்து மிகுந்தோருக்குத் தடுப்பாக என்ஐவியைப் பரிந்துரைத்த அவை, திணறல் வந்துவிட்ட பின் அதைப் பயன்படுத்துவதைப் பரிந்துரைக்கவில்லை.

ஒரே நாட்டின் இரு விடைகள்

உயர் ஓட்ட நாசி ஆக்சிஜன் பரவிய பின் விவாதம் வேறு திசைக்குத் திரும்பியது. ஸ்பெயினின் எர்னாண்டஸ் குழுவினர் 2016இல் ஜாமா இதழில் இரு ஆய்வுகளை வெளியிட்டனர். முதலாவது, ஆபத்து குறைந்த 527 பேர் பற்றியது. 72 மணி நேரத்துக்குள் மீண்டும் குழாய் தேவைப்பட்டோர் உயர் ஓட்ட முறையில் 4.9 விழுக்காடு, சாதாரண ஆக்சிஜனில் 12.2 விழுக்காடு. இரண்டாவது, ஆபத்து மிகுந்த 604 பேருக்கு உயர் ஓட்ட முறையையும் என்ஐவியையும் ஒப்பிட்டது. மீண்டும் குழாய் தேவைப்பட்டோர் முறையே 22.8 விழுக்காடும் 19.1 விழுக்காடும். உயர் ஓட்ட முறை தாழ்ந்ததன்று என்பது ஆய்வாளர்களின் முடிவு. மேலும் என்ஐவி பெற்றோரில் 42.9 விழுக்காட்டினருக்குப் பக்கவிளைவுகளால் அதை விலக்க நேர்ந்தது. உயர் ஓட்ட முறையில் அவ்வாறு ஒருவருக்கும் நேரவில்லை.

பல வார்டுகளில் இம்முடிவு "இரண்டும் சமம், ஆகவே எளியதைப் போடுங்கள்" என்று சுருங்கிவிட்டது. ஆனால் அதே எர்னாண்டஸ் குழுவினர் 2022இல் வேறொரு வினாவை எழுப்பினர். நான்கோ அதற்கு மேலோ ஆபத்துக் காரணிகள் கொண்ட, மிக மிக ஆபத்தான நிலையிலிருந்த 182 பேரைத் தேர்ந்தெடுத்தனர். என்ஐவி காற்றுக்கு ஈரப்பதமும் ஏற்றினர். இம்முறை மீண்டும் குழாய் தேவைப்பட்டோர் என்ஐவியில் 23.3 விழுக்காடு, உயர் ஓட்ட முறையில் 38.8 விழுக்காடு.

ஒரே நாடு, ஒரே ஆய்வுக் குழு, ஆறாண்டு இடைவெளி, இரு விடைகள். இரண்டில் ஒன்று பொய்யென்று கருத வேண்டியதில்லை. நோயாளி வேறு, என்ஐவி கொடுத்த விதமும் வேறு. "எது சிறந்தது?" என்று கேட்பவருக்கு இவ்விரண்டும் முரண்பாடாகத் தோன்றும். "யாருக்கு, எப்போது, எவ்விதம்?" என்று கேட்பவருக்கு இவை ஒன்றையொன்று நிறைவு செய்யும்.

பிரான்சின் தியே குழுவினர் 2019இல் ஜாமாவில் வெளியிட்ட ஆய்வு இப்படத்தில் இன்னொரு கோட்டை வரைகிறது. 30 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 65 வயதைக் கடந்த அல்லது நாள்பட்ட இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள 641 பேர். ஒரு பிரிவுக்கு உயர் ஓட்ட முறை மட்டும். மறு பிரிவுக்கு என்ஐவி, அதன் இடைவேளைகளில் உயர் ஓட்ட முறை. 7 நாள்களுக்குள் மீண்டும் குழாய் தேவைப்பட்டோர் முதல் பிரிவில் 18.2 விழுக்காடு, இரண்டாவதில் 11.8 விழுக்காடு. இரு முறைகளும் போட்டியாளர்கள் என்ற எண்ணத்தை இவ்வாய்வு கலைத்தது. அவை மாறி மாறிப் பணியாற்றும் துணைவர்களாகவும் இருக்கலாம். ஆனால் அந்த என்ஐவி நாளொன்றுக்கு 12 மணி நேரமாவது அளிக்கத் திட்டமிடப்பட்டது. அத்தனை மணி நேரம் முகமூடியைச் சரிசெய்து, கசிவை அடைத்து, நோயாளியைத் தேற்றி, புண் வராமல் காக்கும் கைகள் அங்கே இருந்தன என்பதை அட்டவணையின் எண்கள் சொல்வதில்லை.

"தாழ்ந்ததன்று" என்பதன் பொருள்

தாழ்வின்மைச் சோதனை என்ற ஆய்வு வடிவம் மாணவர்களிடையே மிகுதியும் பிழையாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. புதிய முறை பழைய முறையைவிட எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஏற்கலாம் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே ஓர் எல்லை வகுக்கிறார்கள். முடிவு அவ்வெல்லைக்குள் நின்றால் "தாழ்ந்ததன்று" என்கிறார்கள். எர்னாண்டஸின் 604 பேர் ஆய்வில் அவ்வெல்லை 10 விழுக்காட்டுப் புள்ளிகள். கிடைத்த வேறுபாடு 3.7 புள்ளிகள், அதுவும் என்ஐவிக்குச் சாதகமாக. நம்பக இடைவெளியின் கீழ் எல்லை 9.1 புள்ளிகள் வரை சென்றது. எளிய சொற்களில், நூறு பேருக்கு உயர் ஓட்ட முறையைத் தேர்ந்தால், என்ஐவியைத் தேர்ந்திருப்பதைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்பது பேர் வரை கூடுதலாகக் குழாய்க்குத் திரும்பும் வாய்ப்பை அந்தத் தரவு மறுக்கவில்லை. முகமூடியின் துன்பத்தைத் தவிர்ப்பதற்கு அது தகுந்த விலையா என்பது புள்ளியியல் தீர்க்கும் வினாவன்று. அது மதிப்பீடு சார்ந்த முடிவு. எல்லையை வகுத்தவர் தமக்குத் தகுந்த மதிப்பீட்டைச் செய்திருக்கிறார், அவ்வளவே.

குறைமாதக் குழந்தைகள் பற்றிய ஆய்வில் இது இன்னும் தெளிவு. மேன்லி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 32 வாரங்களுக்கு முன் பிறந்த 303 குழந்தைகளுக்குக் குழாய் அகற்றிய பின் உயர் ஓட்ட முறையும் சிபேப் முறையும் ஒப்பிடப்பட்டன. தோல்வி முறையே 34.2 விழுக்காடும் 25.8 விழுக்காடும். வகுத்த எல்லை 20 புள்ளிகள் என்பதால் உயர் ஓட்ட முறை "தாழ்ந்ததன்று". ஆனால் தோற்ற குழந்தைகளில் பலரை உடனே சிபேப்புக்கு மாற்றியே காப்பாற்ற முடிந்தது. சிபேப் அருகில் இல்லாத மாவட்ட மருத்துவமனையில் "தாழ்ந்ததன்று" என்ற சொல்லை மட்டும் எடுத்துச் செல்பவர், அச்சொல்லுக்கு உயிர் கொடுத்த பாதுகாப்பு வலையை விட்டுவிட்டுச் செல்கிறார்.

சற்றுப் பெரிய குழந்தைகளிடம் முடிவு வேறு விதம். ஐக்கிய இராச்சியத்தின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 600 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2022இல் ஜாமாவில் வெளியான ஆய்வில், உயர் ஓட்ட முறை தாழ்வின்மையை நிறுவத் தவறியது. எல்லாச் சுவாச ஆதரவிலிருந்தும் விடுபட ஆன நேரத்தின் இடைநிலை அளவு உயர் ஓட்ட முறையில் 50.5 மணி, சிபேப்பில் 42.9 மணி. வயது மாற மாற விடையும் மாறுகிறது.

சிறிய ஆய்வின் பெரிய நம்பிக்கை

இத்துறை தரும் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இத்தாலியின் மஜ்ஜோரே குழுவினர் 2014இல் 105 பேரை ஆராய்ந்தபோது, மீண்டும் குழாய் தேவைப்பட்டோர் உயர் ஓட்ட முறையில் 4 விழுக்காடு, வென்ச்சுரி முகமூடியில் 21 விழுக்காடு. கண்ணைப் பறிக்கும் வேறுபாடு. அதே மஜ்ஜோரே தலைமையில் 494 பேரைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில் அந்த எண்கள் 13 விழுக்காடும் 11 விழுக்காடும். வேறுபாடு கரைந்துபோயிற்று. தம் முந்தைய முடிவைத் தாமே பெரிய அளவில் சோதித்து, கிடைத்த விடையை மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மை போற்றத்தக்கது. அது கற்பிக்கும் பாடமோ எளிது: சிறிய ஆய்வில் கிட்டும் பெரிய வேறுபாட்டை ஐயத்துடனேயே வரவேற்க வேண்டும்.

இவ்வாறு வேறுபட்ட நோயாளிகள், வேறுபட்ட வேளைகள், வேறுபட்ட நெறிமுறைகள் கொண்ட ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, வலைப்பின்னல் மெட்டா பகுப்பாய்வு செய்து, முறைகளுக்கு முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை வழங்கும் கட்டுரைகள் பெருகியுள்ளன. அவற்றைச் செய்ய நோயாளி வேண்டாம், இரவுப் பணி வேண்டாம். கணினியும் மென்பொருளும் போதும். கவனமாகச் செய்யப்பட்டவை பயனுள்ளவையே. எனினும் தரவரிசையின் உச்சியில் நிற்கும் முறை, எதிரே படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு உகந்தது என்று பொருளாகாது. சராசரி நோயாளி எந்த வார்டிலும் அனுமதிக்கப்படுவதில்லை.

இந்தியப் படுக்கைகளில் இருப்போர் யார்?

மேற்கண்ட ஆய்வுகள் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, ஐக்கிய இராச்சியம் போன்ற நாடுகளில் நடந்தவை. அவற்றில் "ஆபத்து மிகுந்தவர்" என்பதற்கான அளவுகோல்கள் அந்நாட்டு நோயாளிகளைக் கண்டு வகுக்கப்பட்டவை: 65ஐக் கடந்த வயது, இதயச் செயலிழப்பு, சிஓபிடி, உடற்பருமன் முதலியன. இந்திய அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவர் பூச்சிமருந்து அருந்திய 25 வயது விவசாயியாக இருக்கலாம். கட்டுவிரியன் தீண்டிய பெண்ணாக இருக்கலாம். ஆண்டுகளுக்கு முன் காசநோயால் நுரையீரல் சிதைந்தவராக இருக்கலாம். ஒருநாளும் புகை பிடிக்காமல், விறகடுப்புப் புகையாலேயே சிஓபிடி வந்த மூதாட்டியாக இருக்கலாம்.

ஆர்கனோபாஸ்பேட் நஞ்சின் தன்மையைக் கருதுக. நஞ்சு உட்கொண்ட ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள், முதற்கட்ட அறிகுறிகள் தணிந்துவிட்டதாகத் தோன்றும் வேளையில், கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் தளரக்கூடும். வாயிலும் மூச்சுக்குழலிலும் சுரப்பு மிகுதி. வயது, இதயம், உடல் எடை ஆகிய எந்தக் கட்டத்திலும் இவர் பெயர் வராது. சளியை இருமித் தள்ளும் வலு குறித்த மதிப்பீடு ஒன்றே இவரை அடையாளம் காட்டும். அதுவோ படுக்கையருகில் நிற்பவரின் கண்ணையும் அனுபவத்தையும் பொறுத்தது. இவர் முகத்தில் இறுக்கமான முகமூடியைப் பொருத்தினால், வாந்தியும் சுரப்பும் மூச்சுக்குழலுக்குள் செல்லும் ஆபத்து உண்டு. உயர் ஓட்ட முறையோ தளர்ந்த தசைக்குத் தோள் கொடுக்காது. இவருக்கு எது தகும் என்பதற்கு, 65 வயதைக் கடந்தோரையும் நாள்பட்ட நோயுற்றோரையும் தேர்ந்தெடுத்த ஆய்விலிருந்து விடை பெற இயலாது.

ஆக்சிஜன் கணக்கும் வேறு. நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓட்டத்தில் முழு ஆக்சிஜன் கொடுத்தால், 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். 50 லிட்டர் ஓட்டத்தில் 40 விழுக்காடு ஆக்சிஜன் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 லிட்டர் செலவு. அதே சிலிண்டர் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். சாதாரண முகமூடியில் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 23 மணி நேரம் தாங்கும். திரவ ஆக்சிஜன் கொள்கலனும் சுவர்க்குழாயும் உள்ள நகரத்து மருத்துவமனைக்கு இக்கணக்கு தேவைப்படாது. சிலிண்டரை நம்பியிருக்கும் சிறு மருத்துவமனைக்கு இது உயிர்க்கணக்கு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்காக இந்தியா பட்ட பாட்டை மறந்துவிட்டு ஆக்சிஜன் செலவைக் குறிப்பிடாமல் எழுதப்படும் எந்த ஒப்பீடும், இந்நாட்டைப் பொறுத்தவரை பாதி ஒப்பீடே.

எல்லாவற்றினும் முதன்மையானது கண்காணிப்பு. 2004ஆம் ஆண்டு ஆய்வு காட்டியதுபோல், எம்முறையைத் தேர்ந்தாலும் அது தோற்கத் தொடங்கும் கணத்தை உடனே கண்டறிவதே உயிர் காப்பது. நோயாளியின் மூச்சு வேகம், கழுத்துத் தசைகளின் இழுப்பு, வியர்வை, மயக்கம் ஆகியவற்றை மணிக்கு மணி பார்த்து எழுதும் செவிலியர் வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கும் தயங்காமல் குழாய் பொருத்த முடிவெடுக்கும் மருத்துவர் வேண்டும். ஒரு செவிலியர் பல வென்டிலேட்டர் நோயாளிகளை ஒருசேரக் கவனிக்க நேரும் பிரிவில், தோல்வியை அழகாக மறைக்கும் கருவி மிகவும் ஆபத்தானது. உயர் ஓட்ட முறைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். நோயாளி அமைதியாக இருக்கிறார், ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கிறது என்ற தோற்றமே தாமதத்துக்கு இடம் தரலாம்.

ஆய்வேட்டின் எண்ணிக்கை

இந்திய முதுநிலை மருத்துவ மாணவர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். கையில் உள்ள காலம் குறைவு, ஆகவே ஒரு பிரிவுக்கு 30 பேர் என மொத்தம் 60 பேரைக் கொண்டு "எது சிறந்தது?" என்று ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. மீண்டும் குழாய் தேவைப்படுவோர் 15 விழுக்காடு என்று கொண்டால், 30 பேரில் அந்நிகழ்வு நான்கைந்து பேருக்கே நேரும். ஒருவர் இப்பக்கமோ அப்பக்கமோ சாய்ந்தாலே முடிவு மாறிவிடும். 20 விழுக்காட்டை 15 ஆகக் குறைக்கும் ஒரு முறையை 80 விழுக்காடு திறனுடன் கண்டறிய, ஒரு பிரிவுக்கு ஏறக்குறைய 900 பேர், மொத்தம் 1,800 பேர் தேவை. ஆண்டுக்கு 200 பேருக்குக் குழாய் அகற்றும் ஒரு பிரிவு தனியே முயன்றால் ஒன்பது ஆண்டுகள் ஆகும். அத்தகைய 20 பிரிவுகள் கூடினால், பாதிப் பேரே சம்மதித்தாலும் ஓராண்டுக்குள் முடியும்.

அவ்வாறு கூடுவது இந்தியாவில் இயலாத காரியமன்று. 120 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இணைந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய இண்டிகேப்ஸ் ஆய்வு 2016இல் வெளியாயிற்று. அது கண்காணிப்பு ஆய்வுதான். சமவாய்ப்பு ஒதுக்கீடு அதனினும் கடினம். எனினும் கதவு திறக்கக்கூடியது என்பதற்கு அது சான்று. சிதறிய நூறு சிறு ஆய்வேடுகள் ஒரே நெறிமுறையில், ஒரே படிவத்தில், ஒரே பதிவேட்டில் நடந்தால், ஒவ்வொரு மாணவரின் 60 நோயாளிகளும் வீணாகாமல் ஒரு பெரிய விடையின் பகுதியாவார்கள்.

தனியே நடத்தப்படும் சிறிய ஆய்வும் பயனற்றதன்று. அது தன் அளவுக்குத் தகுந்த வினாவைக் கேட்க வேண்டும். தோல்வியின் முதல் அறிகுறிக்கும் குழாய் பொருத்தியதற்கும் இடையே எத்தனை நிமிடங்கள் கழிந்தன? ஒரு நோயாளிக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் செலவாயிற்று? முகமூடியைச் சரிசெய்யச் செவிலியர் எத்தனை முறை படுக்கையருகே வர நேர்ந்தது? மூக்குத் தண்டில் புண் எத்தனை பேருக்கு வந்தது? உதிரிப் பொருள்களுக்காகக் குடும்பம் தன் கையிலிருந்து எவ்வளவு செலவிட்டது? இவற்றை 60 பேரிடமும் அளக்கலாம். அளந்தால், ஐரோப்பிய ஆய்வுகள் தராத தகவல் கிடைக்கும்.

எதிர்வாதங்கள்

வழிகாட்டு நெறிகள் இருக்கும்போது இத்தனை ஐயம் எதற்கு என்று கேட்கப்படலாம். ஐரோப்பிய சுவாசச் சங்கம் 2022இல் வெளியிட்ட நெறிகள் தெளிவானவையே: ஆபத்து குறைந்தோருக்குச் சாதாரண ஆக்சிஜனைவிட உயர் ஓட்ட முறை, ஆபத்து மிகுந்தோருக்குத் தடை ஏதும் இல்லையேல் என்ஐவி. ஆனால் அவை நிபந்தனைக்கு உட்பட்ட பரிந்துரைகள். நோயாளியையும் இடத்தையும் வசதியையும் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பை அவை மருத்துவரிடமே விட்டுவைக்கின்றன. அவற்றைக் கட்டளையாகப் படிப்பது, எழுதியவர்களே கோராத கீழ்ப்படிதல்.

மற்றோர் எதிர்வாதம் வலுவானது. நுணுக்கங்களை அடுக்கிக்கொண்டே போனால், நள்ளிரவில் தனித்து நிற்கும் இளம் மருத்துவருக்கு எளிய விதி ஒன்றும் மிஞ்சாது. விதியே இல்லாத இடத்தில் தவறு இன்னும் பெருகும். இதில் உண்மை உண்டு. ஆனால் எளிய விதி கருவியைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. குழாய் அகற்றும் முன்பே மூன்று செய்திகளை நோயாளிக் குறிப்பில் எழுதிவிடலாம்: இவருக்கு ஏன் ஆபத்து, எந்த ஆதரவைத் தொடங்கப்போகிறோம், எந்த அறிகுறி தோன்றினால் எத்தனை மணிக்குள் மீண்டும் குழாய் பொருத்துவோம். மூன்றாவது வரி இல்லாத குறிப்பு முழுமையற்றது. இவ்விதிக்குப் புதுக் கருவி வேண்டாம், கூடுதல் செலவில்லை, எந்த அளவு மருத்துவமனைக்கும் பொருந்தும்.

மீண்டும் குழாய் பொருத்துவதைத் தோல்வியாகக் கருதும் மனப்பாங்கும் மாற வேண்டும். மீண்டும் குழாய் பொருத்தப்படும் விகிதத்தையே ஆய்வுகள் முதன்மை முடிவாக அளப்பதால், அதைத் தள்ளிப்போடுவதே வெற்றி என்ற எண்ணம் மாணவர் மனத்தில் படிகிறது. உரிய வேளையில் பொருத்தப்பட்ட இரண்டாவது குழாய் தோல்வியன்று. 12ஆவது மணி நேரத்தில் பொருத்தப்பட்டதே தோல்வி. வாசலில் நிற்கும் குடும்பத்திடமும் முதல் நாளே இதைச் சொல்லிவைக்க வேண்டும்: "குழாயை எடுத்திருக்கிறோம். இரண்டு மூன்று நாள் உன்னிப்பாகப் பார்ப்போம். தேவைப்பட்டால் மீண்டும் வைப்போம். அது பின்னடைவு மட்டுமே, முடிவன்று." இச்சொல் முன்பே சொல்லப்பட்டிருந்தால், நள்ளிரவில் முடிவெடுக்கும் மருத்துவரின் தயக்கமும் பாதி குறையும்.

இருபது ஆண்டு ஆய்வுகளையும் ஒருசேரப் படிப்பவருக்கு அவை எந்தக் கருவிக்கும் மகுடம் சூட்டவில்லை என்பது விளங்கும். சரியான நோயாளிக்கு, சரியான வேளையில், தோல்வியை ஒப்புக்கொள்ளும் துணிவோடு அளிக்கப்பட்டபோது மூன்று முறைகளும் உயிர் காத்திருக்கின்றன. அடுத்த ஆய்வேட்டுத் தலைப்பை எழுதும் இந்திய மாணவர் "எது சிறந்தது?" என்பதை அடித்துவிட்டு, "எங்கள் வார்டில், இந்த நோயாளிக்கு, தோல்வியை எவ்வளவு விரைவில் கண்டுகொள்கிறோம்?" என்று எழுதினால், வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஆய்வேடு உண்மையிலேயே பயன்படும்.